வெயில் பக்கம் விழும் நிழல்

பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனில் ஆம்ப்ரோஸின் மகள் ஜெசிந்தாவுக்கு நிழல் வெயில் பக்கமே விழும். காலையில் தெருவிலுள்ள மரம், கரண்ட் கம்பம், பால் வண்டி, நாய் எல்லாவற்றின் நிழலும் மேற்கே கிடக்கும்போது அவளுடையது மட்டும் கிழக்கே, சூரியனைப் பார்த்துக் கிடக்கும். சாயங்காலம் அது மேற்கே போய்விடும். மற்றபடி அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கறுப்பாக, ஓரம் பிசிறில்லாமல், குழந்தையின் உயரத்துக்கு ஏற்ற அளவில் இருக்கும். அவள் கையை ஆட்டினால் அதுவும் ஆட்டும். இதற்குக் காரணம் அவளுடைய அப்பா இருபத்தைந்து வருஷத்தில் முப்பத்தெட்டுப் பெண்களை வேண்டாமென்று சொன்னதுதான் என்பது எங்களுக்குப் பிறகு தெரிந்தது. எங்கள் தெருவில் எல்லாமே பிறகுதான் தெரியும். தண்ணீர் வராது என்பதைக்கூடக் குழாயைத் திறந்த பிறகுதான் தெரிந்துகொள்வோம்.

ஆம்ப்ரோஸ் ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்டராக இருந்தார். பேரிங்குகள் அவர் மேஜைக்கு வரும். மைக்ரோமீட்டரில் வைத்துப் பார்ப்பார். சரியாக இருந்தால் பச்சைப் புள்ளி, தலைமுடி அளவு பிசகினாலும் சிவப்புப் புள்ளி. சிவப்பு வைக்கும்போது ‘ரிஜெக்ட்’ என்று வாய்விட்டுச் சொல்வார். குரலில் கோபமும் இருக்காது, வருத்தமும் இருக்காது. மார்க்கெட்டில் கத்தரிக்காய் பொறுக்கும்போதும் அதே வார்த்தை, அதே குரல். 1991இல், இருபத்தாறாம் வயதில், பெண் பார்க்கத் தொடங்கியபோதும் அதை அவர் மாற்றிக்கொள்ளவில்லை. நாங்கள் கத்தோலிக்கர்கள். ஜாதகம் பார்ப்பதில்லை என்று இந்து நண்பர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். ஜாதகத்துக்குப் பதிலாகச் சொட்டை பார்ப்போம், சுகர் பார்ப்போம், ஆஸ்துமா பார்ப்போம், பெண்ணின் தாய்மாமன் எந்த வயதில் கண்ணாடி போட்டார் என்று பார்ப்போம். ஆம்ப்ரோஸ் இந்த விசாரணையை மூன்று தலைமுறைக்கு நீட்டினார். பிறக்கிற பிள்ளை ஒரு குறையும் இல்லாமல் பிறக்க வேண்டும் என்பது அவருடைய ஒரே ஆசை. அதைத் தப்பென்று யாரும் சொல்ல முடியாது.

அக்கா ஐரினைக் கூட்டிக்கொண்டுதான் பெண் வீட்டுக்குப் போவார். அவர்கள் பிளம் கேக்கும் டீயும் கொண்டுவந்து வைப்பதற்குள் ஐரின் சுவரிலுள்ள போட்டோக்களைப் பார்த்து முடித்திருப்பாள். காக்ஸ் டவுன் பெண்ணுக்கு அண்ணன் மாறுகண். லிங்கராஜபுரம் பெண்ணுக்குப் பெரியப்பா முப்பதிலேயே சொட்டை. மர்பி டவுன் பெண்ணின் அத்தை ஒருத்தி சாவு வீட்டில் சிரித்துவிட்டாள் என்று தகவல் வந்தது. ஃப்ரேசர் டவுன் பெண்ணிடம் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியவில்லை. கிளம்பும் நேரத்தில், அவளுடைய தாத்தாவின் கல்யாணப் போட்டோவில் காது கொஞ்சம் பெரிதாக இருப்பதை ஐரின் பார்த்துவிட்டாள். இப்படிச் சராசரியாக எட்டு மாதத்துக்கு ஒருத்தி. ஊரார் முதுகையெல்லாம் பார்த்த மனிதர் தன் முதுகைப் பார்த்துக்கொள்ளவில்லை. தான் அசையாமல் உட்கார்ந்திருப்பதாகவும் பெண்கள்தான் வந்துவந்து போவதாகவும் அவர் நினைத்துக்கொண்டிருந்தார். இதை எழுதுகிறவனுக்கும் நாற்பத்தேழு வயதாகிறது, அவனும் இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான் என்பதால் இந்த இடத்தில் அதிகம் சிரிக்காமல் மேலே போவதுதான் மரியாதை.

2016இல் ஆம்ப்ரோஸுக்கு ஐம்பத்தொரு வயதானபோது கோலார் தங்கவயல் பக்கத்துப் பெண் ஒருத்தியைப் பற்றித் தகவல் வந்தது. பெயர் பவுலின், வயது முப்பத்தாறு, ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அந்த வாரம் ஐரின் வேளாங்கண்ணி போயிருந்தாள். ஆம்ப்ரோஸுக்குக் கடைவாய்ப் பல் வீங்கி வாயைத் திறக்க முடியவில்லை. போகாமல் இருந்தால் மரியாதைக் குறைவு என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டு தனியாகப் போய் அரை மணி நேரம் ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்தார். பவுலினை அதற்குமுன் பதினேழு பேர் பார்த்திருந்தார்கள். பதினேழு பேரும் சுரங்கத்தில் வேலை பார்த்த அவளுடைய அப்பாவுக்கு நுரையீரல் எப்படி என்று கேட்டிருந்தார்கள். எதையுமே கேட்காத முதல் மனிதர் இவர்தான். இவ்வளவு நாகரிகமான ஆளை விடக் கூடாது என்று அவள் அங்கேயே சம்மதம் சொல்லிவிட்டாள். வழக்கமான வார்த்தையைச் சொல்ல அவருக்கு வாய் திறக்கவில்லை. வீக்கம் வடிவதற்குள், ஆட்சேபம் உள்ளவர்கள் சொல்லலாம் என்று கோயிலில் வாசிக்கிற கல்யாண அறிக்கையை மூன்று ஞாயிறும் வாசித்தாகிவிட்டது. ஆம்ப்ரோஸின் வாழ்க்கையில் நடந்த நல்ல காரியம் அது ஒன்றுதான், அதையும் பல் செய்து கொடுத்தது என்று பவுலின் இன்றும் சொல்வாள்.

இரண்டு வருஷம் கழித்து, அவருடைய ஐம்பத்து மூன்றாம் வயதில், ஜெசிந்தா பிறந்தாள். பிறந்த குழந்தையைப் பார்க்க வருகிறவர்கள் அதைப் பங்கு போடாமல் திரும்புவது எங்களிடம் வழக்கமில்லை. ஆஸ்பத்திரியிலேயே ஐரின் மூக்கையும் நெற்றியையும் தன் வீட்டுக்கு எடுத்துக்கொண்டாள். பவுலினின் அம்மா கண்களையும் விரல்களையும் கேட்டு வாங்கினாள். தாடைக்கு மூன்று நாள் சண்டை நடந்தது. அழுகை மட்டும் கொஞ்சம் கர்ணகடூரமாக இருந்ததால் அதை ஐரின் பெருந்தன்மையோடு அம்மா வழிக்கு விட்டுக்கொடுத்தாள். டிஸ்சார்ஜ் ஆகும்போது உச்சி முதல் உள்ளங்கால் வரை எல்லாவற்றுக்கும் சொந்தக்காரர் இருந்தார்கள். குழந்தைக்கென்று எதுவும் மிச்சமில்லை.

நாற்பதாம் நாள் ஞானஸ்நானம். ஜனவரி மாதக் காலை வெயிலில் கோயில் படியில் நின்று எல்லோரும் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். போட்டோக்காரர் கேமராவை இறக்கிவிட்டு, மேடம் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள் என்றார். பிறகு இந்தப் பக்கம் வாருங்கள் என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தரையில் பவுலினின் நிழல் கைகளை மடித்துக்கொண்டு வெறுமனே எதையோ தாலாட்டுவதுபோல் மேற்கே கிடந்தது; குழந்தையின் நிழல் எதிர்ப்பக்கம், படியின்மேல், தனியாகக் கால் உதைத்துக்கொண்டிருந்தது. சாமியார் எட்டிப் பார்த்துவிட்டு, மழை வருவதற்குள் போட்டோவை முடித்துக்கொள்ளச் சொன்னார். ஜனவரியில் எங்கே மழை வரப்போகிறது, ஆனால் அவருக்கும் ஏதாவது சொல்ல வேண்டியிருந்தது.

இந்த ஒன்றுக்கு மட்டும் யாரும் பங்குக்கு வரவில்லை. “எங்க வூட்டுல எல்லாருக்கும் நெழலு ஒழுங்காத்தான் வுழும்,” என்று ஐரின் அன்றைக்குப் பிரியாணிப் பந்தியிலேயே அறிவித்துவிட்டாள். இரண்டு வீட்டு ஆல்பங்களும் வந்தன. வெயிலில் எடுத்த போட்டோக்களை எல்லாம் பொறுக்கி நிழல் நிழலாகப் பார்த்தார்கள். ஆம்ப்ரோஸ் வீட்டில் நாலு தலைமுறை நிழலும் நேராக இருந்தது. பவுலின் வீட்டிலும் அப்படியே, அவளுடைய அப்பாவைத் தவிர. அவர் விடிவதற்குமுன் சுரங்கத்துக்குள் இறங்கி, பொழுது சாய்ந்தபின் மேலே வந்தவர். வெயிலில் அவரை யாரும் பார்த்ததில்லை, போட்டோவும் இல்லை. ஐரினுக்கு அது போதும். ஆளும் உயிரோடு இல்லாததால் வழக்கு எளிதாக முடிந்தது. ஆனாலும் பவுலின் கணக்கு டீச்சர் அல்லவா, வழி எழுதாத விடைக்கு அவள் மதிப்பெண் போடமாட்டாள். ரத்தப் பரிசோதனை செய்து பார்த்துவிடலாம் என்றாள். தாராளமாகச் செய்யலாம் என்று முதலில் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியவளும் ஐரின்தான்.

ஆஸ்பத்திரியில் மரபணு ஆலோசகராக இருந்த மமதா, மைசூர்ப் பக்கத்து இளம்பெண். அப்பா, அம்மா, குழந்தை மூன்று பேரிடமும் ரத்தம் எடுத்து, ஒன்பது வாரம் கழித்துக் கூப்பிட்டு, கன்னடத்தில் ஆற அமர விளக்கினாள். ஒவ்வொரு உடம்பிலும் எழுத்து எழுத்தாகப் பெரிய புத்தகம் ஒன்று இருக்கிறது. ஜெசிந்தாவின் புத்தகம் பெரும்பாலும் அப்பாவையும் அம்மாவையும் பார்த்து எழுதியதுதான். ஆனால் இரண்டு பேரிடமும் இல்லாத எழுத்துகள் நூற்றொன்று இருக்கின்றன. அவை தாத்தாவிடமிருந்தும் வரவில்லை, பாட்டியிடமிருந்தும் வரவில்லை, புதியவை. அதில் எண்பத்து மூன்று அப்பா வழியில் விழுந்தவை. பெண்ணின் கருமுட்டைகள் அவள் பிறப்பதற்கு முன்பே உண்டாகி எடுத்து வைக்கப்பட்டவை. ஆணின் பக்கம் அப்படியில்லை, ஆயுள் முழுக்கப் பிரதி எடுத்துக்கொண்டே இருக்கும். எடுக்க எடுக்க எழுத்து பிசகும். அப்பாவுக்கு ஒரு வயது கூடினால் பிள்ளைக்குச் சுமார் ஒன்றரை எழுத்து கூடும். இருபது வயதில் அப்பாவானாலும் கொஞ்சம் இருக்கும், இது இல்லாத மனிதரே இல்லை. அபூர்வமாக ஒன்றிரண்டு கெடுதல் செய்யலாம், மிகப் பெரும்பாலானவை ஒன்றுமே செய்யாது. இந்தக் குழந்தையிடம் கெடுதல் செய்கிற எதையும் காணவில்லை. நிழல் இதுவாக இருக்கலாம் என்று ஒரு வரியைப் பேனாவால் தொட்டுக் காட்டினாள். பார்க்கிங் சீட்டில் முத்திரை வாங்க மறக்காதீர்கள் என்று சொன்னதும் அதே குரலில்தான்.

ஆம்ப்ரோஸின் முகத்தைப் பார்த்துவிட்டு மமதா, தனக்குத் தெரிந்த தமிழில் ஆறுதல் சொன்னாள். “சார், நீங்க தப்பு பண்ணல. வயசு ஆய்ட்டு, அஷ்டே, அவ்ளோதான்.”

ஆம்ப்ரோஸ் பார்க்கிங்கில் நின்று விரல்விட்டு எண்ணினார். இருபத்தைந்து வருஷம், வருஷத்துக்கு ஒன்றரை. முப்பத்தேழரை. அரை எழுத்து என்று ஒன்று இருக்க முடியாது, ஆகவே முப்பத்தெட்டு. வேண்டாமென்று சொன்ன ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு எழுத்து. குறையில்லாத பிள்ளைக்காகக் காத்திருந்த ஒவ்வொரு எட்டு மாதமும் பிள்ளைக்குள் போய் உட்கார்ந்திருந்தது. பிறகு பல நாள், அந்த நிழல் எந்தப் பெண்ணுடையது என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தார். காக்ஸ் டவுனாக இருக்குமா, பெரிய காதுக்காக விட்டுவந்த ஃப்ரேசர் டவுனாக இருக்குமா?  திரும்பி வரும்போது ஐரின் வண்டியைப் பேக்கரியில் நிறுத்தச் சொல்லி நாலு பப்ஸ் வாங்கினாள்.

அதன்பிறகு ஆம்ப்ரோஸ் மகளை வெயிலில் விடவில்லை. ஆறு வருஷம் விடவில்லை. உச்சி வேளையில் நிழல் காலடியில் ஒடுங்கும்போது பதினைந்து நிமிஷம் வெளியே வரலாம். மேகம் மூடியிருந்தால் நாள் முழுக்க வரலாம். பெங்களூர் வானம் ஜூனிலிருந்து அக்டோபர் வரைக்கும் அவர் கட்சி. மற்ற நாட்களில் அவள் ஜன்னல் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து, எதிர்வீட்டுப் பிள்ளைகள் சைக்கிள் விடுவதைப் பார்ப்பாள். நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பார்கள். ஆம்ப்ரோஸுக்கு வெயிலில் அருமை தெரியவில்லை, அவமானம்தான் தெரிந்தது. மற்ற பிள்ளைகள் கேலி செய்வார்கள் என்றுதான் பவுலினிடம் காரணம் சொன்னார். உண்மைக் காரணம் வேறு. நாளைக்கு இவளைப் பெண் பார்க்க ஒருவன் வருவான். கேக் தின்பான், டீ குடிப்பான், வாசலில் விழும் நிழலைப் பார்ப்பான். பார்த்துவிட்டு, கோபமும் வருத்தமும் இல்லாத அந்தக் குரலில் அந்த ஒரே வார்த்தையைச் சொல்வான்.  பவுலின் முதலில் கெஞ்சினாள், பிறகு சண்டை போட்டாள். “ஊறுகா ஜாடியக்கூட வெயில்ல வெக்கறோம். பெத்த புள்ளைய வெக்க மாட்டேன்றீங்க,” என்று ஒருநாள் சொல்லிவிட்டு அழுதாள். ஆம்ப்ரோஸ் எழுந்துபோய் ஜன்னல் திரையில் இருந்த கிழிசலைத் தைத்தார்.

2025 மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து, ஆம்ப்ரோஸ் சாப்பாட்டு மேஜையில் காய்கறிப் பையைக் கொட்டிப் பிரித்துக்கொண்டிருந்தார். அப்போது அவர் ரிட்டையர் ஆகியிருந்ததால் அளந்து பார்க்கக் காய்கறி மட்டும்தான் மிச்சம். ஒரு கத்தரிக்காயில் ஊசி முனை அளவுக்கு ஓட்டை இருந்தது. ரிஜெக்ட் என்று சொல்லி ஓரமாக வைத்தார். திரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜெசிந்தா எழுந்து வந்தாள். அந்தக் கத்தரிக்காயைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஆறு வயது முடிந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது.

“டாடி, நானும் ரிஜெக்டா?”

அவர் கையிலிருந்த அடுத்த காயை மேஜையில் வைத்தார். அவள் தப்பாகக் கேட்டுவிட்டோமோ என்று பயந்து, கத்தரிக்காயை எடுத்த இடத்திலேயே வைத்தாள். “சும்மாதான் கேட்டேன் டாடி,” என்றாள்.

தொழிற்சாலையில் முப்பத்து மூன்று வருஷம், பெண் வீடுகளில் இருபத்தைந்து வருஷம் அவர் அந்த வார்த்தையைச் சொல்லியிருந்தார். கேட்கிறவருக்கு அது எப்படி இருக்கும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.  முப்பத்தெட்டு வீட்டிலும் யாரோ ஒருத்தி திரைக்குப் பின்னால் நின்று அதைக் கேட்டிருப்பாள். அவர் எழுந்து, மகளின் கையைப் பிடித்து, செருப்புகூடப் போடாமல் தெருவில் இறங்கினார். மணி ஒன்பதரை, நல்ல வெயில். பால் பூத் வாசலில் பத்துப் பேர் நின்றிருந்தார்கள், இதை எழுதுகிறவனும் நின்றிருந்தான். ஆம்ப்ரோஸ் யாரையும் பார்க்காமல் பூங்காவுக்குள் போனார். நடுவில் புல் இல்லாத வெட்டவெளியில் அவளை நிறுத்தினார். வெயில் அவள் கண்ணில் பட்டுக் கூசியது. அதை மறைப்பதற்காகச் சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவளுக்கு எதிரே வந்து நின்றார். அவருடைய நிழல் அவள்மேல் விழுந்தது. அவளுடைய நிழல் சூரியன் பக்கம் எழுந்து வந்து அவர்மேல் விழுந்தது. மார்புவரைக்கும் வந்தது. மார்ச் மாதத்து வெயிலில் அந்த இடம் மட்டும் குளுகுளுவென்று இருந்ததாக அவர் பிறகு சொன்னார். முப்பத்தெட்டுப் பேரில் எவளைக் கட்டியிருந்தாலும் இந்தப் பிள்ளை பிறந்திருக்க மாட்டாள் என்று அவருக்கு அப்போது தோன்றியது. மணி பதினொன்றாகும்வரை இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள். இடையில் அவள் இரண்டு தடவை தாகம் என்றாள், ஒரு தடவை கால் வலிக்கிறது என்றாள், ஆனால் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லவில்லை.

தெரு என்ன சொல்லுமோ என்று ஆறு வருஷம் பயந்தாரே, தெரு ஒன்றும் சொல்லவில்லை. அந்த வாரம் எங்களுக்கு மெட்ரோவுக்காகத் தோண்டிய பள்ளம்தான் பெரிய விஷயமாக இருந்தது. நாலாம் நாள், பூங்கா வாசலில் தள்ளுவண்டியில் பூ விற்கும் யசோதா விஷயத்தைப் புரிந்துகொண்டாள். அவள் வண்டி நிற்கும் இடத்தில் கட்டடமெல்லாம் மேற்கே. காலையில் எந்தச் சுவரும் அவளுக்கு நிழல் கொடுத்ததில்லை. ஜெசிந்தாவை வண்டிக்கு மேற்கே ஐந்து நிமிஷம் நிற்கச் சொன்னாள், கனகாம்பரக் கூடை நிழலுக்குள் வந்துவிட்டது. கூலியாகத் தலைக்கு ஒரு முழம் மல்லிகை. பிறகு ஆட்டோ ஸ்டாண்டில் கூப்பிட்டார்கள், தடுப்பூசிக்கு வரிசையில் நின்ற தாய்மார்கள் கூப்பிட்டார்கள். ஏப்ரல் கடைசியில் ஐரின் தன் தோழிகளை அழைத்து வந்து காட்டினாள். இது எங்கள் வீட்டு வகை, கோலார்ப் பக்கமெல்லாம் கிடையாது, நூற்றொன்றில் எண்பத்து மூன்று எங்கள் தம்பியுடையது, டாக்டரே எழுதிக் கொடுத்திருக்கிறார் என்றாள். பவுலின் சிரித்துக்கொண்டே டீ போடப் போனாள். இதை எழுதுகிறவனும் அந்த மாதம் ஒரு பெண் வீட்டுக்குப் போனான். யாருடைய காதையும் பார்ப்பதில்லை என்ற தீர்மானத்தோடு நாகரிகமாக உட்கார்ந்திருந்தான். அவர்கள் முதல் கேள்வியாக அவனுடைய வயதைக் கேட்டார்கள்.

மே மாதத்தில் ஒன்றாம் வகுப்புக்குச் சேர்க்கப் போனார்கள். பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க் பழனிச்சாமி, திருப்பத்தூரிலிருந்து வந்து முப்பது வருஷமாக அதே நாற்காலியில் இருப்பவர். விண்ணப்பத்தில் அடையாளக் குறிகள் என்று இரண்டு கோடு விட்டிருந்தது. ஆம்ப்ரோஸ் முதல் கோட்டில், வலது முழங்கையில் மச்சம் என்று எழுதினார். இரண்டாவது கோட்டில், நிழல் வெயில் பக்கம் விழும் என்று எழுதினார்.   பழனிச்சாமி படித்துப் பார்த்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, குழந்தையை வராந்தாவுக்குக் கூட்டிப்போய் வெயிலில் நிறுத்தினார். மச்சத்தைச் சரிபார்த்தார். நிழலையும் ஒரு சுற்றுச் சுற்றிவந்து சரிபார்த்தார்.

“பெருசானா மாறிடாதே? பத்தாங்கிளாஸ் சர்டிஃபிகேட் வரைக்கும் இதேதான் போவும்.”

மாறாது என்று பவுலின் உறுதி சொன்னாள். பழனிச்சாமி நாற்காலிக்குத் திரும்பி ரிஜிஸ்டரைத் திறந்தார். கேட்பதற்கு அதில் கோடு எதுவும் இல்லை, இருந்தாலும் நம் ஆட்களுக்குக் கேட்காமல் இருக்க முடியாது.

“இது அம்மா வழியா, அப்பா வழியா?”

“என்னாலதான் வந்துச்சு சார்,” என்றார் ஆம்ப்ரோஸ். “நான் கொஞ்சம் லேட்டு.”

பழனிச்சாமி தலையை ஆட்டி, அப்படியே எழுதிக்கொண்டு, ஆதார் ஜெராக்ஸ் இரண்டு காப்பி கேட்டார்.